இடுப்பெலும்பு விரிசல்: அம்மா மறுபடி நடப்பாரா?

கேள்வி: என் அம்மாவுக்கு 78 வயது. இரவில் பாத்ரூமுக்குப் போகும்போது கால் தடுக்கி விழுந்துவிட்டார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "இடுப்பின் முன்பக்க எலும்பில் விரிசல். ஆபரேஷன் தேவையில்லை, ஓய்வெடுத்தால் போதும்" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரமாகச் சிறுநீர் டியூபோடு படுத்தே இருக்கிறார். புரண்டு படுத்தாலே பின்பக்கம் வலிக்கிறது என்கிறார். சர்க்கரை, பிரஷர், தூக்கம் மூன்றுக்கும் மாத்திரை உண்டு. "இடுப்பு உடைஞ்சா அவ்வளவுதான், இனி எழுந்திருக்க மாட்டாங்க" என்று உறவினர்கள் பேசுவதைக் கேட்டுப் பயமாக இருக்கிறது. அம்மா மறுபடி நடப்பாரா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நடப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இப்போது போல இன்னும் சில வாரம் படுத்தே இருந்தால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். எனக்குக் கவலை தருவது விரிசலைவிட இந்த மூன்று வாரப் படுக்கைதான்.

உறவினர்கள் சொல்வது பெரும்பாலும் தொடையெலும்பின் மேல்முனை முறிவைப் பற்றியதாக இருக்கும். அதற்கு அநேகமாக ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும். உங்கள் அம்மாவுக்கு விரிசல் விட்டிருப்பது இடுப்பு வளையத்தின் முன்பக்கத்தில் இருக்கும் பியூபிக் எலும்பு. வயதான பெண்கள் நின்ற நிலையிலிருந்து விழுந்தாலே இது விரிசல் விடும். நல்ல இரத்த ஓட்டம் உள்ள எலும்பு என்பதால் 8 முதல் 12 வாரத்தில் பெரும்பாலும் தானாகவே கூடிவிடும். வலி அதற்கு முன்பே, இரண்டு மூன்று வாரத்தில், நன்றாகக் குறைய ஆரம்பிக்க வேண்டும்.

அம்மாவுக்கு அப்படிக் குறையவில்லை. வலி பின்பக்கம் என்றும் சொல்கிறார். இதை அலட்சியப்படுத்தாதீர்கள். கண்ணாடி வளையல் ஒரே இடத்தில் மட்டும் உடைவது அபூர்வம். இடுப்பு வளையமும் அப்படித்தான். முன்னால் விரிசல் இருந்தால், பின்னால் முதுகெலும்பின் அடியில் இருக்கும் சேக்ரம் எலும்பிலும் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயதானவர்களின் மெலிந்த எலும்பு, அதன்மேல் குடலில் இருக்கும் வாயுவின் நிழல், இரண்டும் சேர்ந்து சாதாரண எக்ஸ்ரேயில் அதை மறைத்துவிடும். அதனால் இந்த வாரமே ஆர்த்தோ டாக்டரிடம் காட்டி, இடுப்புக்கு சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். தொடையெலும்பில் கண்ணுக்குத் தப்பிய முறிவு இருந்தாலும் அதில் பெரும்பாலும் தெரிந்துவிடும். சேக்ரத்தில் விரிசல் இருந்தாலும் எலும்பு நகராமல் இருந்தால் பெரும்பாலும் மருந்தும் பயிற்சியுமே போதும். எலும்பு நகர்ந்திருந்தாலோ, மருந்து கொடுத்தும் நிற்கவே முடியாத வலி இருந்தாலோ, சிறு துளை வழியாக ஸ்க்ரூ போட்டு நிறுத்துவார்கள். ஆபரேஷன் என்றதும் பயந்து தள்ளிப்போட வேண்டாம். அவரை எழுப்பி நிற்க வைக்க அதுதான் வழி என்றால், இந்த வயதிலும் செய்துகொள்வதில் தவறில்லை.

நீங்கள் நேராகக் கேட்டிருப்பதால் நானும் மறைக்காமல் சொல்கிறேன். வயதானவர்களுக்கு வரும் இடுப்பு வளைய முறிவில், முதல் ஒரு வருடத்துக்குள் இறப்பவர்கள் சுமார் 10 முதல் 25 சதவீதம் வரை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஏற்கெனவே இதயக் கோளாறு, மறதி நோய் உள்ளவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம். பெரும்பாலும் உயிரைப் பறிப்பது எலும்பு இல்லை. நிமோனியா, காலில் உறைந்து நுரையீரலுக்குப் போகும் இரத்தக்கட்டி, சிறுநீர்த் தொற்று, படுக்கைப்புண், இதயம் என்று காரணங்கள் வேறு. இவற்றில் பலவும் படுக்கையோடு வருபவை, தடுக்கக்கூடியவை. பிழைத்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி நடக்கிறார்கள். ஆனால் முன்பு கைவீசி நடந்த பலருக்கு அப்புறம் ஒரு கைத்தடியாவது தேவைப்படுகிறது. அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

படுக்கை என்ன செய்கிறது என்பதற்கு ஒரு கணக்கு: நல்ல ஆரோக்கியமாக இருந்த முதியவர்களைப் பத்தே நாள் படுக்க வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்துபோனது. அம்மா படுத்து மூன்று வாரம் ஆகிவிட்டது.

அதனால் உட்கார வைப்பதை இன்றே தொடங்குங்கள். அதற்கு முன் இரண்டு கெண்டைக்கால்களையும் பாருங்கள். ஒன்று மட்டும் வீங்கி, அழுத்தினால் வலித்தால் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். இல்லையென்றால், அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கும் பாராசிட்டமால் கொடுத்து முக்கால் மணி நேரம் கழித்து ஆரம்பிக்கலாம். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இரண்டு முழங்காலையும் லேசாக மடக்கி, தோளும் இடுப்பும் சேர்ந்தே திரும்பும்படி ஒருக்களிக்க வையுங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கும்போதே தோளைத் தாங்கி எழுப்புங்கள். பாதம் இரண்டும் தரையில் பதியட்டும். சில நிமிடம் அப்படியே இருக்கட்டும். பல நாள் படுத்தவருக்கு, அதுவும் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கு, எழுந்ததும் பிரஷர் இறங்கிக் கண்ணை இருட்டும். தலைசுற்றினால் படுக்க வைத்துவிட்டு அப்புறம் முயலுங்கள். சாப்பாடு மூன்று வேளையும் உட்கார்ந்தே நடக்கட்டும்.

நிற்பதும் நடப்பதும் ஸ்கேனைப் பார்த்து டாக்டர் சரி என்றதும், வாக்கர் வைத்து, பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்க. வலி தாங்கும் அளவுக்குக் காலை ஊன்றலாம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். முதல் நாள் நாலு எட்டு வைத்தாலே பெரிய விஷயம். அந்த டியூபை எப்போது எடுக்கலாம் என்றும் கேளுங்கள். பெட்பேன் அல்லது கமோடு நாற்காலி இருந்தால் டியூபைத் தொடர வேண்டிய தேவை பலருக்கும் இருக்காது. இரத்தம் உறையாமல் இருக்க ஊசி தேவையா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. எண்ணெய் போட்டு உருவுவது, இறுக்கிக் கட்டுப் போடுவது இரண்டும் இப்போது கூடாது.

சாப்பாட்டில் ஒன்று சொல்ல வேண்டும். படுத்திருப்பவருக்குக் கஞ்சியும் ரசம் சாதமும் மட்டும் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். தசையும் எலும்பும் தேறப் புரதம் வேண்டும். 50 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. முட்டை, மீன், பருப்பு, சுண்டல், பால், தயிர் என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று சேர வேண்டும். சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவர்கள் மெடிக்கல் கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கிப் போடவே கூடாது.

நின்ற இடத்திலிருந்து விழுந்து இடுப்பு விரிசல் விட்டாலே, எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து பலமிழக்கும் நோய், இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். விரிசலைப் பார்த்துவிட்டு அதற்குக் காரணமான நோயைக் கவனிக்காமல் விடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். அடுத்த முறை தொடையெலும்பு போகலாம். இரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். வருடம் ஒருமுறை போடும் சோலெட்ரோனிக் ஆசிட், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப், தினமும் போடும் டெரிபாராடைட் என்று ஊசிகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்பதைச் சிறுநீரகமும் மற்ற நோய்களும் தீர்மானிக்கும். டெனோசுமாப் தொடங்கினால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து உண்டு.

மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, திடீர்க் குழப்பம், காய்ச்சல், டியூப் எடுத்த பிறகு சிறுநீர் போக முடியாமை, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அம்மா அன்று இரவு ஏன் விழுந்தார் என்பதும் தெரிய வேண்டும். தூக்க மாத்திரையின் மயக்கமா, பிரஷர் இறங்கியதா, சர்க்கரை இறங்கியதா, கண்புரையா, வெளிச்சம் இல்லையா? ஸ்கேனுக்குப் போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாமல், படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.