மட்டக்களப்பில் கயாக் ஓட்டி, ஸ்நோர்க்கல் (மூச்சுக்குழாய்) போட்டுக் கடல் உயிர்களைப் பார்க்க எங்கே, எப்போது போகலாம்? நீச்சல் தெரியாதவர்களும் போகலாமா?

மே முதல் செப்டம்பர் வரை போங்கள். இடம் பாசிக்குடா. வாடைக்காற்று மாதங்களில் கடல் கொந்தளிக்கும். மழைவெள்ளம் கொண்டுவரும் வண்டலில் தண்ணீர் கலங்கி, முகமூடி போட்டாலும் ஒன்றும் தெரியாது.

காலையிலேயே இறங்குவது நல்லது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், அது வலுத்தால் கயாக்கை வெளியே தள்ளிவிடும். கரைக்குத் திரும்பும்போது அதை எதிர்த்துத்தான் துடுப்புப் போடவேண்டும். வழிகாட்டி வேண்டும் என்று நான் வற்புறுத்துவது முக்கியமாக இதற்காகத்தான். நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட்டோடு, ஆழமில்லாத குடாவுக்குள் வழிகாட்டியின் பக்கத்திலேயே மிதக்கலாம். முருகைக்கல் (பவளப்பாறை) பக்கம் கிளிமீன், வண்ணாத்திமீன் எல்லாம் பார்க்கலாம். ஆமை தென்பட்டால் அதிர்ஷ்டம், ஆனால் துரத்தாதீர்கள். அது மூச்சுவிட மேலே வந்தாகவேண்டும்.

முருகைக்கல் உயிருள்ளது, தயவுசெய்து அதன்மேல் நிற்காதீர்கள். 1998இல் கடல் சூடேறியபோது பாசிக்குடாவில் பெரும்பகுதி வெளிறிப் போனது. திரும்ப வளர்வதை ஒரு மிதி உடைத்துவிடும். சன் கிறீமும் அதற்குக் கேடு செய்யலாம், பதிலுக்கு நீளக்கை உடுப்புப் போடுங்கள்.

அப்புறம், 1942இல் மூழ்கிய ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றிப் பலர் கேட்பார்கள். அது 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அனுபவமுள்ள சுழியோடிகளுக்கு மட்டுமே. கடல் சரியில்லாத நாளில் மட்டக்களப்பு வாவியில் கண்டல் மரங்கள் ஓரமாகக் கயாக் விடலாம். ஆனால் அங்கே முதலை உண்டு, தண்ணீரில் இறங்கவேண்டாம்.