சமாரியா மலையிடுக்கு முழுக்க இறக்கம்தானாமே, முழங்கால் வலி உள்ளவர் ஒரே நாளில் நடந்துவிட முடியுமா? முடியாவிட்டால் பாதியில் திரும்பலாமா?

இறக்கம்தான். வம்பே அதில்தான் இருக்கிறது.

கிரீஸின் கிரீட் தீவில் ஓமலோஸ் சமவெளி விளிம்பில், ஏறத்தாழ 1,230 மீட்டர் உயரத்தில் இருக்கும் க்சிலோஸ்காலோவில் நடை தொடங்குகிறது. முடிவது தீவின் தென்கரையில், லிபியக் கடலோரத்து அகியா ரூமெலி கிராமத்தில். மொத்தம் 16 கி.மீ. சாதாரணமாக நடப்பவர்களுக்கு ஐந்திலிருந்து ஏழு மணி நேரம் பிடிக்கும்.

மூச்சு வாங்காது என்பதால் ஆரம்பத்தில் எல்லோருமே துள்ளிக் குதித்து இறங்குகிறார்கள். ஆனால் மொத்த இறக்கத்தில் ஏறக்குறைய பாதியை முதல் சில கி.மீ.யிலேயே இறங்கிவிடுவோம். வளைந்து வளைந்து போகும் பாதை, ஒரு பக்கம் மரக் கைப்பிடி, காலடியில் மிதிபட்டு மிதிபட்டு வழவழப்பான கல். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்யும். இறங்கும்போதோ நீண்டுகொண்டே நம் எடையைத் தாங்கிப் பிரேக் போடும். தசைநாருக்கு அதுதான் கூடுதல் அடி. அன்று ஒன்றும் தெரியாது. மறுநாள், அதற்கடுத்த நாள்தான் படி இறங்க முடியாமல் சுவரைப் பிடிப்போம்! எனக்கு முழங்காலைவிடத் தொல்லை கொடுத்தது கால் பெருவிரல். ஒவ்வொரு அடிக்கும் ஷூவின் முனையில் போய் இடித்துக்கொண்டே இருந்தது. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடமுள்ள ஷூவாகப் பாருங்கள், கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். ஊன்றுகோல் இரண்டு வேண்டும். ஒன்று போதாது.

பாதி தூரத்தில் பழைய சமாரியா கிராமம். 1962-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது மக்களை வெளியேற்றிவிட்டார்கள். இப்போது கல்வீடுகளும், உட்கார நிழலும், தண்ணீரும் உண்டு. க்ரி-க்ரி என்ற காட்டாடுகளும் அங்கே சுற்றும், பையைத் திறந்து வைக்காதீர்கள்.

திரும்புவது பற்றிக் கேட்டீர்கள். முதல் அரைமணி நேரத்துக்குள் முழங்கால் முணுமுணுத்தால் தயங்காமல் திரும்பிவிடுங்கள். கிராமம் வரை வந்துவிட்டால் திரும்புவதில் அர்த்தமில்லை. இறங்கிய அத்தனையையும் வெயிலில் ஏற வேண்டும். உள்ளே இரவு தங்கவும் அனுமதி இல்லை. நடக்கவே முடியாமல் போனவர்களைக் கோவேறு கழுதையில் ஏற்றிக் கொண்டுவருவார்கள், ஆனால் அதை நம்பி யாரும் கிளம்பக் கூடாது.

கிராமத்துக்குக் கீழே சரிவு குறைந்துவிடும், கல் அதிகமாகிவிடும். ஆற்றுப்படுகைக் கூழாங்கல்லில் கணுக்கால் புரளும், ஓடையை இப்படியும் அப்படியும் தாண்ட வேண்டும். 'இரும்புக் கதவுகள்' என்ற இடத்தில் இருபுறப் பாறையும் நெருங்கி வந்து சுமார் 4 மீட்டர் இடைவெளிதான் இருக்கும். சுவர் 300 மீட்டருக்கு நிமிர்ந்து நிற்கும். அங்கே எல்லோரும் போட்டோவுக்கு நின்று வழியை அடைத்துக்கொள்வார்கள், பொறுமை வேண்டும்.

பூங்கா வாசலில் டிக்கெட்டைத் திரும்பப் பார்ப்பார்கள், யாரும் உள்ளே மாட்டிக்கொள்ளவில்லை என்று தெரிந்துகொள்ள. அதோடு முடிந்தது என்று நினைப்போம். இல்லை, கடலுக்கு இன்னும் 3 கி.மீ., நிழல் அவ்வளவாக இல்லாத பாதை. என்னைக் கேட்டால் முழு நாளிலும் எரிச்சலான பகுதி அதுதான். அகியா ரூமெலிக்குச் சாலை கிடையாது. படகில் ஸ்ஃபாகியாவுக்கோ சூயாவுக்கோ போய் அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். கடைசிப் படகு மாலையிலேயே போய்விடும், அதனால் விடியற்காலையிலேயே இறங்கத் தொடங்குங்கள். பொதுவாக மே முதல் அக்டோபர் வரைதான் திறப்பார்கள். மழை என்றால் கல் உருளும் என்று அன்றைக்கு மூடிவிடுவார்கள்.

பயிற்சிக்கு எல்லோரும் மாடிப்படி ஏறுகிறார்கள். நீங்கள் லிஃப்டில் ஏறி, படியில் இறங்கிப் பழகுங்கள். சில வாரம் செய்தும் முழங்கால் வலித்தால், படகில் நேராக அகியா ரூமெலிக்குப் போய், கீழிருந்து 'இரும்புக் கதவுகள்' வரை மட்டும் நடந்துவிட்டுத் திரும்புங்கள். ஏற்றம் மிதமானதுதான், முடியாவிட்டால் எந்த இடத்திலும் திரும்பிக்கொள்ளலாம்.