இரண்டு லட்சம் வரிகள், நாற்பது வரிக்கான திரை

கேள்வி: சார், விண்டோஸ் ஃபார்ம்ஸில் (டாட்நெட்டில் விண்டோஸ் செயலி எழுத உதவும் கருவித்தொகுப்பு) ஒரு செயலி எழுதியிருக்கிறேன். சரக்கு விவரங்கள் சுமார் 2 லட்சம். எல்லாவற்றையும் ஒரு லிஸ்ட்வியூவில், அதாவது பட்டியல் காட்டும் கன்ட்ரோலில், காட்ட வேண்டும். லூப் போட்டு ஒவ்வொன்றாக ஐட்டம்ஸ்.ஆட் செய்கிறேன். திறந்ததும் விண்டோ வெளிறிப்போய், தலைப்பில் 'பதிலளிக்கவில்லை' என்று வந்துவிடுகிறது. வேகமான கம்ப்யூட்டர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: வாங்காதீர்கள். புது மெஷினில் காத்திருப்பு கொஞ்சம் குறையும், ஆனால் 2 லட்சம் 4 லட்சம் ஆகும் அன்று பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

கோடில் கை வைப்பதற்கு முன் நேரத்தை அளந்து பாருங்கள். டேட்டாபேஸிலிருந்து விவரம் வந்து சேர எவ்வளவு, அது லிஸ்ட்வியூவில் ஏற எவ்வளவு, ஏறியபின் திரையில் வரைய எவ்வளவு என்று மூன்று இடத்தில் ஸ்டாப்வாட்ச் வைத்தால் போதும். நான் ஒருமுறை லாக் ஃபைல் காட்டும் கருவி ஒன்றை எழுதிவிட்டு, ஃபைலைப் படிப்பதுதான் தாமதம் என்று முடிவு கட்டி, இரண்டு நாள் அந்தப் பகுதியையே மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். கடைசியில் அளந்தால், படிப்பது ஒரு விநாடிக்குள் முடிந்திருந்தது. மிச்ச நேரம் அத்தனையும் பட்டியலில் ஏற்றுவதற்கே போயிருந்தது. உங்கள் கதையும் அநேகமாக இதுதான்.

ஒவ்வொரு ஐட்டம்ஸ்.ஆட் அழைப்புக்கும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு லிஸ்ட்வியூஐட்டம் ஆப்ஜெக்ட் உருவாகிறது, அதற்குள் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு சப்ஐட்டம் உருவாகிறது, அப்புறம் விண்டோஸின் அடிப்படைக் கன்ட்ரோலுக்குத் தகவல் போகிறது, அது வரியைச் செருகி ஸ்க்ரோல்பாரைத் திருத்தி மறுபடி வரைகிறது. சார்ட்டிங் (வரிசைப்படுத்தல்) வேறு ஆன் செய்திருந்தால், ஒவ்வொரு வரிக்கும் அதன் இடத்தைத் தேடிச் செருக வேண்டும். இதெல்லாம் 2 லட்சம் தடவை.

லூப்புக்கு முன் பிகின்அப்டேட், பின் எண்ட்அப்டேட் போட்டால் நடுவில் வரைவது நின்றுவிடும். ஒவ்வொன்றாகப் போடுவதற்குப் பதில் ஆட்ரேஞ்ச் போட்டால் இன்னும் நல்லது. சில ஆயிரம் வரிகளுக்கு இதுவே தாராளம். உங்களுக்கு இது போதாது, ஏனென்றால் 2 லட்சம் ஆப்ஜெக்ட்டும் எப்படியும் உருவாகத்தான் செய்யும்.

உங்களுக்கு வேண்டியது விர்ச்சுவல்மோட். திரையில் ஒரே சமயத்தில் தெரிவது 40 வரி என்றால், மீதி 1,99,960 வரிகளை எதற்கு உருவாக்க வேண்டும்? விர்ச்சுவல்மோடை ட்ரூ ஆக்கி, விர்ச்சுவல்லிஸ்ட்சைஸில் 2,00,000 என்ற எண்ணை மட்டும் கொடுத்துவிடுங்கள். ஸ்க்ரோல்பார் சரியான அளவில் உடனே வந்துவிடும். அதன்பின் எந்த வரி தேவையோ அதை லிஸ்ட்வியூவே உங்களிடம் கேட்கும், ரிட்ரீவ்விர்ச்சுவல்ஐட்டம் என்ற ஈவென்ட் வழியாக. '1,532-வது வரி கொடு' என்று கேட்டால் உங்கள் லிஸ்ட்டில் அந்த இடத்தைப் பார்த்து ஒரு ஐட்டம் செய்து கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். டாட்நெட் 2.0 வெளியான 2005 முதல் இது இருக்கிறது. டெல்ஃபியில் எழுதுபவர்கள் ஓனர்டேட்டா, ஆன்டேட்டா என்று இதையே பயன்படுத்துகிறார்கள்.

அந்த ஈவென்ட்டுக்குள் டேட்டாபேஸ் குவெரி போடவே போடாதீர்கள். அதே வரியை லிஸ்ட்வியூ பல தடவை கேட்கும். மெமரியில் தயாராக உள்ளதை எடுத்துத் தருவது மட்டுமே அங்கே நடக்கலாம். விவரம் மெமரிக்கு அடங்காது என்றால், கேஷ்விர்ச்சுவல்ஐட்டம்ஸ் என்ற ஈவென்ட் 'இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை தேவைப்படும்' என்று முன்கூட்டியே சொல்லும், அங்கே மொத்தமாக எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

மாறியதும் சில இடங்களில் இடிக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஐட்டம்ஸ்.ஆட் பிழை கொடுக்கும். செலக்டட்ஐட்டம்ஸும் அப்படியே, அதற்குப் பதில் செலக்டட்இண்டிசஸ் இருக்கிறது. ஷிஃப்ட் பிடித்து நிறைய வரிகளைத் தேர்வு செய்தால் வழக்கமான ஈவென்ட்டை நம்ப முடியாது, விர்ச்சுவல்ஐட்டம்ஸ்செலக்‌ஷன்ரேஞ்ச்சேஞ்ச்டு என்ற நீளமான பெயர்கொண்ட ஒன்றையும் கவனிக்க வேண்டும். எத்தனை நெடுவரிசை இருக்கிறதோ அத்தனை சப்ஐட்டமும் கொடுத்தாக வேண்டும், ஒன்று குறைந்தாலும் செயலி விழுந்துவிடும். சார்ட்டிங் உங்கள் பொறுப்பு. இதற்கு நான் எப்போதும் செய்வது, மூல விவரத்தைத் தொடாமல் 0, 1, 2 என்று எண்கள் மட்டும் உள்ள ஓர் அரே வைத்துக்கொண்டு, சார்ட்டோ ஃபில்டரோ வந்தால் அந்த எண்களை மட்டும் மாற்றி அடுக்குவது.

அப்புறம் அந்த 'பதிலளிக்கவில்லை'. ஒரு விண்டோ 5 விநாடி எந்தச் செய்தியையும் கவனிக்காமல் இருந்தால் விண்டோஸ் அப்படி எழுதிவிடும். டேட்டாபேஸிலிருந்து எடுப்பதை அசிங்க், அவெய்ட் (async, await) வைத்து, விண்டோவை இயக்கும் யூஐ த்ரெட்டைத் தடுக்காமல் செய்தால் அதுவும் போய்விடும்.

கேள்வி: டபிள்யூபிஎஃப் (டாட்நெட்டின் இன்னொரு திரை வடிவமைப்புத் தொகுப்பு) பயன்படுத்துகிறேன். அதில் விர்ச்சுவலைசேஷன், அதாவது தெரியும் வரிகளை மட்டும் உருவாக்குவது, தானாகவே இருக்கிறது என்றார்கள். ஆனாலும் 50,000 வரிக்கு லிஸ்ட்பாக்ஸ் திணறுகிறது. ஏன்?

பதில்: இருக்கிறது, ஆனால் தெரியாமலேயே அதை அணைத்துவிட முடியும். லிஸ்ட்பாக்ஸை ஒரு ஸ்டாக்பேனலுக்குள்ளோ, வெளியே இன்னொரு ஸ்க்ரோல்வியூவருக்குள்ளோ வைத்திருக்கிறீர்களா? கிரிட்டில் அந்த வரியின் உயரம் ஆட்டோவா? இந்த மூன்றுமே லிஸ்ட்பாக்ஸிடம் 'உனக்கு எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்' என்று சொல்கின்றன. எல்லையில்லாத உயரம் கிடைத்தால் அதன் கணக்கில் 50,000 வரியும் கண்ணுக்குத் தெரிபவைதான், எல்லாவற்றையும் உருவாக்கிவிடுகிறது. கிரிட்டில் உயரத்தை நட்சத்திரக் குறியாக (*) மாற்றிப் பாருங்கள்.

ஸ்க்ரோல் வழவழப்பாக வர வேண்டும் என்று கேன்கன்டென்ட்ஸ்க்ரோலை ஃபால்ஸ் ஆக்கியிருந்தாலும் இதே கதிதான். டாட்நெட் 4.5 முதல் ஸ்க்ரோல்யூனிட்டை பிக்சல் என்று வைக்கலாம், வழவழப்பும் கிடைக்கும், விர்ச்சுவலைசேஷனும் போகாது. குரூப்பிங் போட்டிருந்தால் இஸ்விர்ச்சுவலைசிங்வென்குரூப்பிங் என்பதை நீங்களே ஆன் செய்ய வேண்டும். விர்ச்சுவலைசேஷன்மோடை ரீசைக்ளிங் ஆக்கினால் மேலே போய் மறைந்த வரியின் பெட்டியையே கீழே வரும் வரிக்கு எடுத்துக்கொள்ளும், ஸ்க்ரோலில் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: பட்டியல் வேகமாக வருகிறது. ஆனால் மேலே உள்ள தேடல் பெட்டியில் தட்டும்போது எழுத்து சிக்கிச் சிக்கி வருகிறது. 3 லட்சம் பெயர்கள், எல்லாம் தமிழில்.

பதில்: ஒவ்வொரு எழுத்துக்கும் 3 லட்சத்தையும் சலிக்கிறீர்கள், அதனால்தான். தட்டுவது நின்று 200, 250 மில்லிசெகண்ட் ஆனபின் தேடுங்கள். தேடல் பின்னணி த்ரெட்டில் ஓடட்டும், புது எழுத்து வந்தால் பழைய தேடலை ரத்து செய்யுங்கள். 'கம' என்று தேடியவர் அடுத்து 'கமல' என்று தட்டினால் 3 லட்சத்தையும் மறுபடி பார்க்க வேண்டாம், 'கம' தந்த விடைக்குள் மட்டும் தேடினால் போதும்.

தமிழ் என்பதால் ஒரு விஷயத்தில் கவனம். 'கெ' தட்டியவர் தொடர்ந்து 'கொ' ஆக்கும்போது கண்ணுக்கு ஓர் எழுத்து வளர்ந்த மாதிரி இருக்கும், ஆனால் யூனிகோடில் ஒகரக்குறி தனி எண். 'கெ'யின் விடைக்குள் 'கொ' இருக்காது. எனவே புதுச் சொல் பழைய சொல்லில்தான் தொடங்குகிறதா என்று யூனிகோட் அளவில் பார்த்துவிட்டுத்தான் பழைய விடைக்குள் தேட வேண்டும். அதே ஒகரக்குறியை எகரக்குறி, கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்க முடியும், திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். அதனால் பெயர்களை ஏற்றும்போதே ஒருமுறை நார்மலைஸ் செய்து என்எஃப்சி வடிவில் (அந்த இரண்டு குறியையும் ஒரே எண்ணாகச் சேர்த்த வடிவம்) வைத்துக்கொண்டு, தேடும் சொல்லையும் அதே வடிவாக்கி, ஆர்டினல் முறையில், அதாவது யூனிகோட் எண்களை மட்டும் பார்த்து, ஒப்பிடுங்கள். மொழி விதிகளைப் பார்த்து ஒப்பிடும் முறையைவிட இது வேகமானது, தேடி வந்த பெயரும் விட்டுப்போகாது.

கேள்வி: க்யூடியில் (சி++ செயலிகளுக்கான திரைக் கருவித்தொகுப்பு) க்யூலிஸ்ட்விட்ஜெட் மெதுவாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: க்யூலிஸ்ட்வியூவுக்கு மாறி, க்யூஅப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட்மாடலில் உங்கள் மாடலை, அதாவது கேட்ட வரியை எடுத்துக் கொடுக்கும் பகுதியை, எழுதுங்கள். வரிகளெல்லாம் ஒரே உயரம் என்றால் செட்யூனிஃபார்ம்ஐட்டம்சைஸஸை ட்ரூ ஆக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியின் உயரத்தையும் அளந்துகொண்டிருக்கும். ஜாவா ஸ்விங்கில் ஜேலிஸ்ட்டுக்கு செட்ஃபிக்ஸட்செல்ஹைட் கொடுக்கச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

கேள்வி: இவ்வளவு சிரமம் எதற்கு? 100 வரி காட்டி 'அடுத்த பக்கம்' பட்டன் வைத்தால் போதாதா?

பதில்: வைக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பட்டனுக்குப் பின்னால் ஆஃப்செட் (இத்தனை வரிகளைத் தாண்டு என்பது) போட்டு குவெரி எழுதினால், 1,500-வது பக்கத்துக்குப் போகும்போது முந்தைய 1,49,900 வரிகளையும் டேட்டாபேஸ் எண்ணிக் கடந்துதான் வர வேண்டும். கடைசியாகக் காட்டிய வரியின் ஐடியை வைத்துக்கொண்டு 'இதைவிடப் பெரிய ஐடி உள்ள 100 வரி' என்று கேளுங்கள், இண்டெக்ஸ் இருந்தால் எந்தப் பக்கமும் ஒரே வேகத்தில் வரும்.

எனக்கு அந்தப் பட்டன் பிடிக்காது. முதல் பக்கத்திலிருந்து ஏழாம் பக்கம் வரை அழுத்திக்கொண்டே போய் ஒரு பெயரைத் தேடுபவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அவருக்கு வேண்டியிருந்தது தேடல் பெட்டிதான். முதலில் அதை வையுங்கள்.