பெட்டியை விற்றவர் கையில் சாவி

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருவின் கடைசி வீட்டு மாடியில் உள்ள செல்போன் டவரில் சென்ற மாதம் பழைய பெட்டிகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பூட்டினார்கள். 5ஜிக்கு என்றார்கள். நன்றாக ஓடிய 4ஜிப் பெட்டியையும் ஏன் கழற்ற வேண்டும்? சீனக் கருவி ஆபத்து என்று ஒதுக்கிவிட்டு ஸ்வீடனிலும் பின்லாந்திலும் கொரியாவிலும் வாங்கினால் ஆபத்து நீங்கிவிடுமா?

ஆர்., குடியாத்தம்

அன்புள்ள ஆர்.,

உங்கள் முதல் கேள்விக்கு விடை கிடைத்தால் இரண்டாவதில் பாதி தெளிந்துவிடும்.

இங்கே 5ஜி இரண்டு வகையாக வந்தது. ஏர்டெல் தொடங்கிய வகையில், கைபேசி முதலில் 4ஜியைப் பிடித்து, அதன் கையைப் பற்றிக்கொண்டுதான் 5ஜிக்குப் போகும். இரண்டு பெட்டிகளும் ஓயாமல் பேசிக்கொள்ள வேண்டிய இந்த ஏற்பாட்டுக்குப் பொதுத் தரம் ஏட்டில் இருந்தாலும், ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று சில வழக்கங்களைச் சேர்த்து வைத்திருப்பதால், ஒருவருடைய 4ஜியோடு இன்னொருவருடைய 5ஜியைப் பொருத்துவது பெரும்பாடு. எனவே கருவி விற்பவரை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். 2016இல் கொரியாவின் சாம்சங் கருவிகளோடு 4ஜியைத் தொடங்கிய ஜியோ, 2022இல் 5ஜிக்கு ஸ்வீடனின் எரிக்சனையும் பின்லாந்தின் நோக்கியாவையும் எடுக்க முடிந்ததற்கு, அது 4ஜியைச் சாராமல் தனித்து நிற்கும் வகையைத் தேர்ந்ததும் ஒரு காரணம்.

நார்வேயின் செல்போன் நிறுவனமான டெலினார், 4ஜியைச் சீனாவின் ஹுவாவேயிடம் வாங்கியிருந்தது. 2019 டிசம்பரில் 5ஜி அலைக்கருவிகளுக்கு எரிக்சனைத் தேர்ந்தபோதே, முழுமையாக மாறுவதற்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகும் என்று சொல்லிவிட்டது. பழையவரை விட்டுப் போவதற்கே அத்தனை காலம் ஆகிறது.

நம் நாட்டில் 2021 மே மாதம் அனுமதிக்கப்பட்ட 5ஜி சோதனைகளில் சீன நிறுவனங்களான ஹுவாவேயும் இசட்டிஈயும் இல்லை. அந்த ஆண்டு ஜூன் 15 முதல், அரசு நம்பகமானவை என்று ஏற்ற மூலங்களிலிருந்து மட்டுமே புதிய கருவிகளை வாங்கலாம் என்ற விதியும் வந்தது. உளவு பற்றிய அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் 2018 டிசம்பர் 6 அன்று பிரிட்டனின் ஓ2 செல்போன் வலையமைப்பு விழுந்ததில் எதிரி என்று யாருமே இல்லை. எரிக்சன் மென்பொருளுக்குள் இருந்த டிஜிட்டல் சான்றிதழ் ஒன்று காலாவதியாகியிருந்தது, அவ்வளவுதான். அதே நாளில் அதே காரணத்தால் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் சந்தாதாரர்கள் சுமார் 3 கோடிப் பேர் நான்கு மணி நேரத்துக்கு மேல் தவித்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில், வங்காளத்திலிருந்து நோயாளியோடு வந்து தங்கி, ஊருக்குப் பேசவும் பணம் வரவழைக்கவும் கைபேசி ஒன்றையே நம்பியிருப்பவர்களுக்கு அந்த நான்கு மணி நேரம் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பழுது நேர்ந்த இடம் ஏதோ மாடியில் நிற்கும் பெட்டி அல்ல, எல்லா டவர்களையும் இணைத்து நடத்தும் வலையமைப்பின் மையம். உங்கள் தெருப் பெட்டி நின்றால் உங்கள் பகுதிதான் தவிக்கும். மையம் நின்றால் நாடே தவிக்கும். ஆகவே மையத்தின் மென்பொருளைத் திறந்து திருத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதையே, விற்றவர் எந்த நாட்டுக்காரர் என்பதற்கும் முன்னால் நான் கேட்பேன். ஜியோ தன் 5ஜி மையத்தைத் தானே உருவாக்கியது. பிஎஸ்என்எல், 2020இல் தன் 4ஜி டெண்டரை ரத்து செய்த பின், டிசிஎஸ், தேஜஸ், சி-டாட் ஆகியவற்றின் உள்நாட்டுத் தொழில்நுட்பத்துக்குப் போனது. 2025 செப்டம்பரில்தான் அது நாடளாவிய அளவில் தொடங்கிவைக்கப்பட்டது. தாமதத்தில் சந்தாதாரர்கள் பலர் போய்விட்டார்கள் என்பது மெய். ஆனாலும் அந்த விலையைக் கொடுத்தது சரி என்றே நினைக்கிறேன்.

ராணிப்பேட்டையில் ஒரு டேனரியின் கொள்முதல் பிரிவில் இருந்தபோது கற்ற பாடம் இது. தோலை இரண்டாகப் பிளக்கும் இத்தாலிய இயந்திரம் ஒன்று எங்களிடம் இருந்தது. பேரிங் போனால் லேத் பட்டறைக்காரர் மாலைக்குள் சரிசெய்து தந்துவிடுவார். ஒரு நாள் கட்டுப்பாட்டு அட்டை எரிந்தது. புதிய அட்டையைப் பொருத்தியதும் திரை கடவுச்சொல் கேட்டது. அது விற்றவரின் ஆளுக்கு மட்டுமே தெரியும். அவரோ பிரேசிலில் இருந்தார். சுண்ணாம்பில் ஊறிய தோல் காத்திருக்காது. கூலி கொடுத்து வேறு டேனரியில் பிளந்து வாங்கினோம். ஒப்பந்தத்தைப் புரட்டினால் விலை, கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் இருந்தன, கடவுச்சொல் பற்றி ஒரு வரியும் இல்லை. அடுத்த இயந்திரத்துக்கு அதையும் எழுதித் தரக் கேட்டோம். விலையைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு எழுதிக் கொடுத்தார்கள்.