சின்னக் கைக்கு எந்த விதை? மாடித்தோட்டக் கேள்வி-பதில்

ஆடிப்பட்டம் நெருங்கினாலே கடிதங்கள் கூடிவிடும். இந்த முறை பாதிக்கு மேல் சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடுகளிலிருந்து வந்திருக்கின்றன. அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கே: மகனுக்கு நாலு வயது. பால்கனியில் ஆறு பை வைக்கத்தான் இடம். தக்காளிதான் வேண்டும் என்கிறான். எதில் தொடங்கலாம்? (மேடவாக்கம்)

தக்காளிக்கு ஒரு பை ஒதுக்கி நாற்றாக வாங்கி நடுங்கள். அவன் கையால் போடும் முதல் விதை வெந்தயமாக இருக்கட்டும். அஞ்சறைப்பெட்டியில் இருப்பதே போதும். ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் தூவினால் மூன்றாம் நாள் முளை தெரியும். இருபது, இருபத்தைந்து நாளில் கிள்ளிக் குழம்பில் போடலாம். தக்காளி விதை போட்டுப் பழம் பார்க்க ஏறக்குறைய மூன்று மாதம். நாலு வயதுப் பிள்ளை அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டான்.

அடுத்தது வெண்டை. விதை பெரிது, சின்ன விரலுக்குப் பிடிபடும். அரை அங்குல ஆழம், குழிக்கு இரண்டு விதை. ஐந்தாறு நாளில் முளைக்கும், ஒன்றரை மாதத்தில் காய் வரும். கொத்தவரையும் அப்படித்தான். கீரை விதை பொடியாக இருப்பதால் மணலோடு கலந்து கொடுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் ஒரே இடத்தில் விழும். விதை போடும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டால் விதை ஈரத்தில் உப்பிவிடும். நீங்களே குச்சி விட்டு எடுக்கப் பார்த்தால் இன்னும் உள்ளே போகும். அப்படி ஆனால் நேராக டாக்டரிடம் போங்கள்.

பைகளைக் கைப்பிடிக் கம்பியை ஒட்டி வைக்காதீர்கள். ஒரு அடி உயரப் பை போதும், குழந்தை ஏறிக் கம்பிக்கு வெளியே எட்டிப் பார்க்க. உள்சுவர் ஓரமாக வையுங்கள். வெயில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

கே: செடி வளரவே மாட்டேங்குது. என்ன உரம் போடலாம்? (ஊர் எழுதவில்லை)

என்ன செடி? நட்டு எத்தனை நாள்? வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது? எந்தக் கலவை நிரப்பினீர்கள்? ஒன்றையும் எழுதாமல் உரத்தின் பெயரை மட்டும் கேட்டால் நான் என்ன சொல்ல? உரம் கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் வெயில், அப்புறம் வடிகால், அப்புறம் வேர் ஓட இடம். இந்த மூன்றையும் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கே: மகள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தண்ணீர் ஊற்றுகிறாள். தடுத்தால் அழுகிறாள். செடிகள் மஞ்சளாகின்றன. (தஞ்சாவூர்)

தடுக்க வேண்டாம், பாத்திரத்தை மாற்றுங்கள். சின்ன டம்ளர் ஒன்றை அவளுடையது என்று கொடுத்து, முதலில் விரலை மண்ணில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் கணு வரை ஈரம் தெரிந்தால் இன்றைக்குத் தண்ணீர் கிடையாது. மூன்று வயதுக் குழந்தைக்கே இது விளையாட்டாகப் பிடித்துப்போகும். அப்படியும் ஊற்றியே தீருவேன் என்றால் ஒரு பை புதினாவை அவள் பேருக்கு எழுதிவிடுங்கள். மற்றச் செடிகளைவிடப் புதினா ஈரம் தாங்கும்.

கலவையையும் பாருங்கள். இறுகிய மண்ணில் தண்ணீர் தேங்கினாலும் செடி மஞ்சளாகும். செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும், அதில் உப்பு இருக்கும். பையின் அடியில் துளைகள் அடைபடாமல் இருக்கட்டும். தட்டு வைத்திருந்தால் தேங்கும் தண்ணீரை அன்றன்றே கொட்டுங்கள். டெங்கு பரப்பும் கொசுவுக்கு அந்தத் தட்டே போதும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும்.

கே: வடக்குப் பார்த்த பால்கனி. இரண்டு மணி நேரம்தான் வெயில். கத்தரி வருமா? (கோவை)

வராது. புதினா, பாலக், வெந்தயக்கீரை, கொத்தமல்லியோடு நிறுத்துங்கள். காய்க்கும் செடிகளுக்கு ஐந்தாறு மணி நேர நேர்வெயில் வேண்டும். வெயிலுக்காகப் பைகளைக் கைப்பிடிக் கம்பிப் பக்கம் நகர்த்த நினைக்காதீர்கள்.

கே: மூன்று வயதுப் பேத்தியோடு சேர்ந்து அவரையும் தண்டுக்கீரையும் போட்டிருக்கிறேன். அவரைக் கொடியில் அசுவினிப் பூச்சி (செடிப்பேன்) அப்பிக்கிடக்கிறது. ஊரிலிருந்து வந்த உறவுக்காரர் வயலுக்கு அடிக்கும் மருந்தில் கொஞ்சம் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். பேர் தெரியவில்லை. லிட்டருக்கு எத்தனை மூடி கலக்க வேண்டும்? (மதுரை)

ஒரு மூடியும் வேண்டாம். ஐயா, இதைப் படித்ததும் எழுந்து போய் அந்தப் பாட்டிலைப் பேத்தி கைக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டுங்கள். பிறகு கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். கழுவுதொட்டியில் கொட்டாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள்.

பத்திக்குப் பத்தி நான் எழுதி அலுத்த விஷயம் இது. பூச்சிமருந்தை அதன் டப்பாவிலிருந்து எடுத்து வேறு பாட்டிலில் ஊற்றிய நிமிஷமே பெயர் போய்விடுகிறது, எவ்வளவு விஷம் என்று காட்டும் எச்சரிக்கைக் குறி போய்விடுகிறது, விஷமுறிவுக்கு டாக்டர் தேடும் தகவலும் போய்விடுகிறது. மிஞ்சுவது ஒரு தண்ணீர் பாட்டில். தண்ணீர் பாட்டிலைப் பார்த்தால் குழந்தை குடிக்கும். அது குழந்தையின் தப்பு அல்ல. 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் செத்துப்போனார்கள். சமையல் எண்ணெயில் இருந்தது மோனோகுரோட்டோபாஸ். காய்கறிப் பயிர்களுக்கு அந்த மருந்தை அடிக்கக் கூடாது என்று அரசு அதற்குப் பல வருஷம் முன்பே தடை போட்டிருந்தது. வயல் மருந்து அடுப்படிப் பக்கம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

உங்கள் பாட்டிலில் இருப்பது பருத்தி, நெல் மாதிரி வயல் பயிருக்கு அளவு பார்த்துச் செய்த மருந்து. அடித்த பிறகு இத்தனை நாள் அறுக்கக்கூடாது என்ற கணக்கும் டப்பாவின் மேல்தான் இருக்கும். உங்கள் பேத்தியோ நின்ற இடத்திலேயே பிஞ்சைக் கிள்ளி வாயில் போடுவாள். அப்படித் தின்னத்தானே அவளைச் சேர்த்துக்கொண்டு தோட்டம் போட்டீர்கள்?

அசுவினிக்குத் தண்ணீரே மருந்து. காலையில் இலையின் அடிப்பக்கம் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். மூன்று நாள் தொடர்ந்து செய்தால் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். நுனி முழுக்க அப்பியிருந்தால் நுனியையே கிள்ளி எறியுங்கள், பக்கக் கிளை வரும். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். அசுவினி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். பீய்ச்சும் வேலையைப் பேத்திக்கே கொடுக்கலாம், விட மாட்டாள்.

இனி, “நான் இயற்கை முறைதான், வேப்ப எண்ணெய் மட்டும்தான்” என்று எழுதும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். வேப்ப எண்ணெயும் குழந்தைக்கு எட்டக் கூடாது. கைமருந்தாகப் புகட்டிய வேப்ப எண்ணெயால் கைக்குழந்தைகளுக்கு வாந்தியும் மயக்கமும் வலிப்பும் வந்ததை 1980களிலேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, சாயங்காலம், குழந்தை வீட்டுக்குள் இருக்கும்போது நீங்கள் தெளியுங்கள். மிச்சத்தை வைத்திருக்காதீர்கள். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசலும் அப்படியே. கண்ணில் பட்டால் துடித்துப்போகும் பிள்ளை.

கடையில் வாங்கும் விதைகளிலும் கவனம் வேண்டும். சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் ஏறிய விதை என்றால் பூஞ்சைக்கொல்லி தடவியது என்று பொருள். மிட்டாய் மாதிரி இருக்கும். அதைக் குழந்தை கையில் கொடுக்கவே கூடாது. சாயம் இல்லாத நாட்டு விதையாகக் கேட்டு வாங்குங்கள்.

எதையாவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். டப்பாவைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். டப்பா கையில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன்.

கே: கொத்தமல்லி மூன்று தடவை போட்டும் முளைக்கவில்லை. (வேலூர்)

எந்த மாதம் என்று எழுதவில்லை. வேலூர் சித்திரை வெயிலில் போட்டிருந்தால் முளைக்காது. ஐப்பசிக்கு மேல் போடுங்கள். விதையைச் செருப்பால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ராத்திரி ஊறவைத்துத் தூவுங்கள். பத்து நாள் பொறுங்கள்.

கே: குழந்தை மண்புழு உரத்தை வெறுங்கையால் அளைகிறான். பயமாக இருக்கிறது. (திருச்சி)

நன்றாக மக்கிய உரம் என்றால் அளையட்டும். மக்கிய உரத்தில் மண் வாசனை வரும், சாணி நாற்றம் வராது. பச்சைச் சாணமும் பச்சை ஆட்டுப்புழுக்கையும் குழந்தை தொடும் பையில் வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். மாடியிலும் செருப்புப் போடட்டும். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் கொடுக்கும் பூச்சி மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

கே: தோட்டம் போட்டால் பிள்ளை காய்கறி சாப்பிடுவானா? (சேலம்)

தான் பறித்ததைக் கடித்துப் பார்ப்பான். அதுவரை உறுதி. மறுநாள் சாம்பாரிலும் சாப்பிடுவான் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தட்டில் வைத்து வற்புறுத்தினால் தோட்டத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும், அதைச் செய்யாதீர்கள்.

கே: பிஞ்சிலேயே பறித்துவிடுகிறாள். எப்படி நிறுத்துவது? (நாகர்கோவில்)

நிறுத்த வேண்டாம். வெண்டையும் கொத்தவரையும் பிஞ்சில் பறித்தால் செடி இன்னும் காய்க்கும். விதைக்கு விட்டிருக்கும் காயில் மட்டும் சிவப்பு நூல் கட்டி, நூல் கட்டியதைத் தொடாதே என்று சொல்லுங்கள்.

கே: பாகலில் பூவாகப் பூக்கிறது, காயே இல்லை. (புதுச்சேரி)

முதலில் வருவது ஆண் பூ. பத்து, பதினைந்து நாள் பொறுங்கள். அடியில் குட்டிப் பாகல் மாதிரி பிஞ்சோடு வருவது பெண் பூ. பூச்சி நடமாட்டம் இல்லாத மாடி என்றால், காலை ஒன்பது மணிக்குள் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட்டுவிடுங்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இதை அழகாகச் செய்வான். ஒருமுறை காட்டிக் கொடுத்தால் போதும். பந்தலைக் கைப்பிடிச் சுவரில் கட்டியிருந்தால் அவிழ்த்து உள்பக்கம் மாற்றுங்கள், காயை எட்டிப் பறிக்கப் பிள்ளை சுவரில்தான் ஏறுவான்.