ஆரஞ்சு அலர்ட் வந்துவிட்டது... ரூமுக்குக் கட்டிய பணம் திரும்புமா?

கேள்வி: நவம்பர் கடைசி வாரம் வெள்ளி, சனி இரண்டு இரவு தரங்கம்பாடியில் தங்க, டிராவல் ஏஜென்ட் மூலம் 11,000 ரூபாய் கட்டி ரூம் போட்டோம். இப்போது மயிலாடுதுறை மாவட்டத்துக்கு ஆரஞ்சு அலர்ட். குழந்தைகளோடு போகப் பயமாக இருக்கிறது. ‘நான்-ரீஃபண்டபிள், ஒரு பைசா வராது’ என்கிறார் ஏஜென்ட். வழியே இல்லையா? - வாசகி, சென்னை

பதில்: வழி இருக்கிறது. முதலில் ஒன்று: ‘கேன்சல் பண்ணிடுங்க’ என்று நீங்களாக வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். ரத்து செய்தது நீங்கள்தான் என்று காட்ட ஏஜென்டுக்கு அந்த ஒரு மெசேஜ் போதும்.

அலர்ட் என்பது எச்சரிக்கை மட்டுமே. ஹோட்டல் திறந்திருக்கிறது, பஸ் ஓடுகிறது என்றால் மழைக்குப் பயந்து போகாததற்காகப் பணத்தைக் கட்டாயப்படுத்தி வாங்க முடியாது. கலெக்டர் உத்தரவால் அந்தப் பகுதியிலிருந்து எல்லோரையும் வெளியேற்றினாலோ, ஹோட்டலையே மூடினாலோ விஷயம் வேறு. ஒப்பந்தத்தை நிறைவேற்றவே முடியாமல் போனால், 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56, 65 பிரிவுகளைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதிலும், முதல் இரவு தங்கிவிட்டு மறுநாள் வெளியேற்றப்பட்டால் தங்காத இரவுக்கு மட்டும்தான். உத்தரவு பக்கத்து ஊருக்கு மட்டும் என்றால் அதுவும் இல்லை. பொறையாரில் ரோட்டில் தண்ணீர் ஏறி உங்கள் பஸ் திரும்பிவிட்டது என்று வையுங்கள். ‘நாங்கள் திறந்துதானே வைத்திருந்தோம்’ என்பார்கள். அது வாதாடித் தீர்க்க வேண்டியது. அறிவிப்பு, செய்தி எதுவானாலும் தேதி தெரியும்படி எடுத்து வையுங்கள்.

எனக்கு உங்கள் ஏஜென்ட் மேல்தான் சந்தேகம். பணம் யார் பெயருக்குப் போனது என்று பாருங்கள். தனிநபர் ஜிபே நம்பருக்கு வாங்கிக்கொண்டு, ஹோட்டலில் வாய்வார்த்தையாக ரூமைப் பிடித்துவைத்துவிட்டு, தானே ஒரு பிடிஎஃப் அடித்து ‘கன்ஃபார்ம்டு வவுச்சர்’ என்று அனுப்புகிறவர்கள் நிறைய. ஹோட்டலுக்கு நீங்களே போன் போடுங்கள். என் பெயரில் புக்கிங் இருக்கிறதா, எவ்வளவு வந்து சேர்ந்தது, உங்கள் ரத்து விதி என்ன என்று மூன்றே கேள்வி. என்னிடம் வந்த ஒரு வழக்கில், ஹோட்டல் முழுப் பணத்தையும் என்றைக்கோ திருப்பிக் கொடுத்துவிட்டது. அதை அமுக்கிக்கொண்டுதான் அந்த ஏஜென்ட் ‘பாலிசி’ பேசிக்கொண்டிருந்தார்.

ஹோட்டலுக்குப் பணமே போகவில்லை என்று தெரிந்தால், நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. ‘விதிப்படி ரீஃபண்ட் இல்லை’ என்று எதிர்த்தரப்பு ஒரு வரி எழுதினால் புகாரை மூடிவிடுவதும் உண்டு. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள், நீங்கள் வசிக்கும் சென்னையிலேயே, நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் போடலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. இப்படிப்பட்ட புகாரை 3 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நடப்பதோ வாய்தா மேல் வாய்தா. ஏஜென்டின் முகவரி சரியில்லை என்று நோட்டீஸ் திரும்பி வருவதற்கே மாதங்கள் ஓடும். 11,000 ரூபாய்க்கு ஒரு குடும்பத்தை இப்படி அலையவிடுவது அநியாயம்.

அதனால்தான் தேதி மாற்றத்தைக் கேளுங்கள் என்கிறேன். ‘அலர்ட் இருப்பதால் பொங்கலுக்குப் பிறகு ஒரு வெள்ளி, சனிக்கு மாற்றித் தரவும்’ என்று ஹோட்டலுக்கும் ஏஜென்டுக்கும் எழுத்தில் அனுப்புங்கள். வடகிழக்குப் பருவமழை அதற்குள் ஓய்ந்திருக்கும். ரயில் டிக்கெட் இருந்தால் அதையும் அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். ரயில்வேயே ரயிலை ரத்து செய்தால் இ-டிக்கெட்டுக்கு முழுப் பணமும் தானாகக் கணக்குக்கு வந்துவிடும்.