நூலகரைக் கேளுங்கள்: பதிவேட்டில் ஏறாத ஓர் ஆண்டு

மதுரை மாவட்டத்தின் ஊர்ப்புற நூலகம் ஒன்றில் பணியைத் தொடங்கி, கிளை நூலகராக ஓய்வு பெற்றவர் இப்பகுதியை எழுதுகிறார். நவம்பர் 14 முதல் 20 வரை நடைபெறும் தேசிய நூலக வார விழாவை ஒட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை பதில் அளிக்கிறார்.

எங்கள் ஊராட்சியில் வீட்டு வரி கட்டினால், ரசீதில் நூலக வரி என்று தனியாக ஒரு தொகையையும் எழுதி வாங்குகிறார்கள். நான் நூலகத்தின் படியேறி இருபது ஆண்டுகள் ஆகின்றன. புத்தகம் படிக்காதவன் எதற்காகக் கொடுக்க வேண்டும்?
– விவசாயி, அலங்காநல்லூர் அருகே

வரி ரசீதை வரி வரியாகப் படித்திருக்கிறீர்கள். அதைச் செய்பவர்கள் குறைவு. ஆகவே படிக்காதவன் என்று தாங்கள் சொல்லிக்கொள்வதை நான் ஏற்பதாக இல்லை.

விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது நம் மாகாணத்தில்தான். ஆண்டு 1948. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் பல ஆண்டுகள் விடாமல் வலியுறுத்தியதன் பயனாக, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது அது நிறைவேறியது. நூலகம் யாருடைய கொடையையும் எதிர்பார்த்து நிற்கக் கூடாது என்பதற்காகவே சொத்து வரியோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்து வசூலிக்கும் ஏற்பாட்டை அந்தச் சட்டம் செய்தது. இன்று அது ரூபாய்க்கு 10 காசு. தங்கள் வீட்டு வரி 220 ரூபாய் என்றால் நூலக வரி 22 ரூபாய். ஊராட்சி அதை வசூலிக்கிறதே ஒழிய, அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் சேர வேண்டியது.

ஒரு தேநீரும் ஒரு வடையும் ஆகும் தொகைதான். ஆனால் அதைக் கொடுத்தவர் என்ற முறையில் அந்தக் கட்டடத்தில் தங்களுக்குப் பங்கு இருக்கிறது. இருபது ஆண்டுகளாகப் பங்கைக் கேட்காமல் இருந்திருக்கிறீர்கள், அவ்வளவே. அடுத்த முறை ஊருக்குள் வரும்போது உள்ளே சென்று, வாழை சாகுபடியைப் பற்றியோ மண் பரிசோதனையைப் பற்றியோ நூல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் மாவட்ட மைய நூலகத்திலிருந்து தருவித்துத் தர முடியுமா என்று கேளுங்கள். நூல்கள் பெரும்பாலும் தலைநகரில் தேர்வாகி மொத்தமாக வந்து இறங்குவதால், கேட்டதெல்லாம் உடனே கிடைக்கும் என்று நான் உறுதி கூற மாட்டேன். எனினும் யாருமே கேட்காத ஊரின் நூலகர், எதைக் கேட்டு மேலிடத்துக்கு எழுதுவார்?

வாசகர் வட்டத்தின் சார்பில் நூலக வார விழாவில் ஓராண்டுப் பணி அறிக்கை படிக்க வேண்டியிருக்கிறது. உறுப்பினர் எண்ணிக்கையையும் இரவல் போன நூல்களின் எண்ணிக்கையையும் நூலகர் எழுதித் தந்தார். இரண்டு வரியில் அறிக்கை முடிந்துவிட்டது. வேறு என்ன எழுதுவது?
– வாசகர் வட்டச் செயலாளர், உசிலம்பட்டி

இந்தக் கேள்விக்காகவே இம்மாதம் பேனாவை எடுத்தேன் என்று சொல்லலாம். அந்த இரண்டு வரியையும் நானும் ஆண்டுதோறும் எழுதி அனுப்பியிருக்கிறேன். அவை பொய் அல்ல. ஆனால் ஒரு குடும்பத்தின் ஆண்டு வாழ்க்கையை மளிகைக் கடைச் சிட்டையிலிருந்து எவ்வளவு தெரிந்துகொள்ள முடியுமோ, ஒரு நூலகத்தின் ஆண்டையும் அவற்றிலிருந்து அவ்வளவுதான் தெரிந்துகொள்ள முடியும்.

ஓர் உறுப்பினர் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கிளைக்கு வாரந்தோறும் வந்த ஒரு பெண்மணி, தமக்கு ஒரு நாவல், மாமியாருக்கு ஒரு பக்தி நூல், மகனுக்கு ஒரு படக்கதை என்று எடுத்துச் செல்வார். நாவலை அவர் முடித்ததும் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப் படிப்பார் என்பது, நூல் திரும்பி வரும்போது அதன் ஓரத்தில் இருந்த வேறொரு வீட்டு மஞ்சள் கறையால் எனக்குத் தெரிய வந்தது. வாசகர் நால்வர், பதிவேட்டில் ஒருவர்.

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பியதும் எங்கள் கிளைக்குப் பிள்ளைகள் வரத் தொடங்குவார்கள். கோடை விடுமுறை, வெளியே வெயில், உள்ளே மின்விசிறி. புத்தகத்துக்காக வந்தவர்கள் சிலர், மின்விசிறிக்காக வந்தவர்கள் பலர். இரண்டாம் வகையினரையே நான் அதிகம் விரும்பினேன். கோரைப்பாயை விரித்து உட்கார வைத்து, ஆளுக்கொரு பத்தியாகச் சத்தமாகப் படிக்கச் சொன்னால், நான்காம் நாள் தாங்களாகவே அலமாரிக்குப் போவார்கள். எழுத்துக் கூட்டிப் படித்த ஒரு சிறுவனின் சுட்டுவிரல் ஒவ்வொரு சொல்லின் கீழும் நின்று நின்று நகரும். அவன் திணறும் இடத்தில் அக்காள் சொல்லிக் கொடுக்காமல் தலையை மட்டும் ஆட்டுவாள். அந்த விடுமுறையில் அவர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்ற நூல் ஒன்றுகூட இல்லை. எனவே இரவல் கணக்கில் அவர்கள் இல்லவே இல்லை.

ஜூன் மாதத்தில் பள்ளி, கல்லூரிச் சேர்க்கை வந்துவிட்டால், மனு எழுதத் தெரியாதவர்களும் படிவம் புரியாதவர்களும் நூலகத்தைத் தேடி வருவார்கள். இது நூலகரின் வேலையா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. ஒரு நாள் மூதாட்டி ஒருவர் மஞ்சள் பையிலிருந்து பாலித்தீன் உறையில் சுற்றிய நான்கு காகிதங்களை எடுத்து மேசையில் வைத்தார். முதியோர் உதவித்தொகைக்கு எழுதிக் கொடுத்த மனு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. "படிச்ச புள்ளைக இருக்கிற எடமாச்சேன்னு வந்தேன், சாமி" என்றார். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண்கள் இருவர் அந்தக் காகிதங்களை வரிசைப்படுத்தி, புதிய மனு ஒன்றை எழுதி, அடுத்த திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குத் தாங்களே அவரை அழைத்துச் சென்றார்கள். பணம் வரத் தொடங்கிய மாதத்தில் மூதாட்டி ஒரு தூக்குவாளி நிறைய அவித்த கடலையோடு வந்து நின்றார். உள்ளே உண்ணக் கூடாது என்பது விதி ஆகையால், நூலகத்தில் இருந்த அனைவரும் எழுந்து தாழ்வாரத்துக்கு வந்தோம்.

நூலகம் ஊருக்குச் செய்ததை எழுதும்போது, ஊர் நூலகத்துக்குச் செய்ததையும் மறக்காமல் எழுதுங்கள். ஓர் ஐப்பசி மழையில் எங்கள் கட்டடத்தின் மேற்கூரை ஒழுகி, கவிதை நூல்கள் இருந்த இரண்டு தட்டுகளும் நனைந்துவிட்டன. நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போகும் கொத்தனார் ஒருவர், மறுநாள் காலையில் சிமென்ட் சட்டியோடு வந்து மேலே ஏறி, விரிசலைப் பூசிவிட்டு இறங்கினார். கூலி என்ற பேச்சையே எடுக்கவில்லை. மாணவர்கள் நனைந்த நூல்களின் பக்கங்களுக்கு இடையே பழைய செய்தித்தாள்களைச் செருகி, ஈரம் இழுக்க இழுக்க அவற்றை மாற்றி, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் உலர்த்தினார்கள். நனைந்த நூலை வெயிலில் காயப்போடுவது நம் வீட்டு வழக்கம். அது தாளைப் பழுப்பாக்கி, அட்டையை வளைத்துவிடும் என்பதால் அதை மட்டும் நான் தடுத்தேன்.

நடக்காதவற்றையும் எழுதுங்கள். அதே ஆண்டில் எங்களுக்கு வந்த ஒரு கணினி, இணைய இணைப்பு இல்லாமல் மூன்று மாதம் துணி போர்த்தியபடி இருந்தது. அதை அறிக்கையில் எழுதிய பிறகுதான் இணைப்பு வந்தது. எழுதியதால் வந்ததா, வர வேண்டிய நேரத்தில் வந்ததா என்று நான் ஆராயவில்லை.

பணி ஓய்வுக்குப் பின் காலையில் நாளிதழ் படிக்க நூலகம் செல்கிறேன். நாற்காலிகளை எல்லாம் போட்டித் தேர்வு எழுதும் இளைஞர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் நூலகத்தின் நூலைத் தொடுவதுகூட இல்லை. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கிறார்கள். இது முறையா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், திருநகர்

ஐயா, தாங்கள் நின்றுகொண்டு படிப்பது முறையல்ல. அதைச் சரிசெய்வது நூலகரின் பொறுப்பு. காலை பத்து மணி வரை நாளிதழ் மேசையை மூத்த வாசகர்களுக்கு என்று ஒதுக்கிவைத்தால் பாதிச் சிக்கல் தீரும். நான் அப்படித்தான் செய்தேன். இளைஞர்கள் முணுமுணுத்தார்கள், ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள்.

மறு பாதியில் நான் தங்களோடு உடன்படவில்லை. அரசுப் பணிக்கான தொகுதி நான்கு (குரூப் 4) தேர்வில் 200 வினாக்கள். அவற்றில் 100 தமிழ். அதற்கு அவர்கள் படிப்பது பெரும்பாலும் பள்ளிப் பாடநூல்களைத்தான். அவை அவர்கள் கையிலேயே இருக்கும். அவர்களுக்கு இல்லாதது ஒரு மேசையும், ஒரு விளக்கும், தொலைக்காட்சி ஓடாத நான்கு மணி நேரமும். ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டிலிருந்து, மதியச் சாப்பாட்டையும் பொதிந்து எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்துவிடும் பெண்ணிடம், நூலகத்தின் நூலை எடுக்கவில்லையே என்று நான் எப்படிச் சொல்வேன்? நூல்கள் பயன்பாட்டுக்கே என்று அரங்கநாதன் 1931-இல் தம் ஐந்து விதிகளில் முதலாவதாக எழுதினார். நாற்காலிக்கும் அதை நீட்டினால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

தங்களிடம் ஒரு விண்ணப்பமும் உண்டு. தாங்கள் தமிழாசிரியராக இருந்திருந்தால், வாரத்தில் ஒரு மணி நேரம் அந்த மேசையிலேயே அவர்களுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுங்கள். நாற்காலியைத் தாங்கள் கேட்க வேண்டியிராது.

என் மகளுக்குப் பார்வை இல்லை. கல்லூரியில் படிக்கிறாள். நூலகத்தால் அவளுக்கு என்ன பயன்?
– ஒரு தாய், செல்லூர்

மதுரை புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. முதல் முறை மட்டும் தாங்கள் உடன் செல்லுங்கள். பிரெய்ல் நூல்களைப் பற்றியும், அச்சு நூலைக் குரலாகக் கேட்க உதவும் கருவிகளைப் பற்றியும் அங்குள்ள பணியாளர்களிடம் மகளையே கேட்கச் சொல்லுங்கள். தாங்கள் கேட்டால் பதிலைத் தங்களிடமே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். பாடநூலை ஒலி வடிவத்துக்கு மாற்றுவது பதிப்புரிமைக் குற்றம் என்று சொல்லிச் சிலர் தயங்குவார்கள். பார்வையற்றோரின் படிப்புக்காக அவ்வாறு மாற்றுவதை 2012-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அனுமதிக்கிறது. இதற்கென்று உலக அளவில் ஏற்பட்ட மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதல் நாடாக ஏற்று உறுதிசெய்ததும் இந்தியாதான். தங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் நல்ல குரல் உள்ள இருவர் முன்வந்தால், ஒரு பருவத்துக்கான பாடத்தைக் கைப்பேசியிலேயே பதிந்து தந்துவிடலாம்.

மறைந்த என் தந்தையின் புத்தகங்கள் மூன்று அலமாரிகள் நிறைய இருக்கின்றன. நூலகத்துக்குக் கொடுத்தால் பெற்றுக்கொள்வார்களா?
– வாசகி, மேலூர்

முதலில் பட்டியல் ஒன்றை எழுதுங்கள், அம்மா. மூட்டையாகக் கட்டி வாசலில் இறக்கினால், அது மூலையில் மூட்டையாகவே கிடக்கும். பழைய தேர்வு வழிகாட்டிகளையும் ராமபாணப் பூச்சி துளைத்தவற்றையும் நீக்கிவிடுங்கள். பூச்சி அரித்த ஒரு நூல் அலமாரிக்குள் போனால் மற்றவற்றையும் கெடுக்கும்.

மிகப் பழைய அச்சு நூல்கள் இருந்தால் அவற்றைத் தனியே எடுத்துவையுங்கள். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் பழைய நூல்களின் அருமை தெரிந்தவர்கள் உண்டு. அவர்களிடம் ஒரு முறை காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த நூலாக இருந்தால் அது பொதுச் சொத்து, யாரும் மின்நூலாக்கலாம். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் மெய்ப்பு பார்த்தும் உதவ, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பெயரில் மதுரை இருந்தாலும் அந்தப் பணி கண்டங்களைக் கடந்து நடப்பது. தங்கள் தந்தையின் அலமாரியில் அதில் இன்னும் ஏறாத நூல் ஒன்று இருக்கலாம்.

எஞ்சியவற்றைக் கிளை நூலகத்துக்குக் கொடுக்கும்போது, அவர் பெயரில் தனி அலமாரி வைக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்காதீர்கள். நாவல் நாவலோடும் வரலாறு வரலாற்றோடும் கலந்து நின்றால்தான் தேடி வருபவர் கையில் சிக்கும். முதல் பக்கத்தில் அவர் பெயரை எழுதியிருப்பார் அல்லவா, அது இருக்கட்டும்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் இரவல் எடுத்த நூல் ஒன்று, வீடு மாறும்போது பரணில் அகப்பட்டது. இப்போது கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன சொல்வார்களோ என்று அச்சமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், திருப்பரங்குன்றம்

தாங்கள் அஞ்சுவதைவிட அதிகமாக அஞ்சியவர் அன்றைய நூலகர். இருப்புச் சரிபார்ப்பில் ஒரு நூல் குறைந்தால் அதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். எனக்கும் ஒரு முறை அப்படி ஒரு நூல் திரும்ப வந்தது. உள்ளே, பாதி படித்த இடத்தில், ஆரப்பாளையத்தில் வாங்கிய பேருந்துப் பயணச்சீட்டு ஒன்று இருந்தது. கொண்டுவந்தவர் தாமதக் கட்டணத்துக்காகப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார்; நானோ நூல்களை எண்ணிட்டுப் பதியும் சேர்க்கைப் பதிவேட்டில் அந்த நூலின் எண்ணைத் தேடி, எதிரே 'காணவில்லை' என்று எழுதியிருந்ததை அடித்துக்கொண்டிருந்தேன்.

தயங்காமல் போங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். கிளை நூலகங்களுக்கு அன்று விடுமுறை.